மயில் கழுத்துக் கலரும் ஒரு நைட்டி சபதமும்

கவுன்டருக்கு வருகிற பெண் உங்களை ‘அக்கா’ என்று கூப்பிட்டால் நாலு சேலை கூடுதலாக எடுத்துப் போடுங்கள். ‘ஆன்ட்டி’ என்றால் கேட்டதை மட்டும் காட்டுங்கள். நம் சிதம்பரம் கடையில் முப்பத்தோரு வருஷம் நின்றதில் நான் ஒருமுறைகூட மீறாத சட்டம் இது ஒன்றுதான். உங்களுக்கெல்லாம் இருபது, இருபத்திரண்டு வயசு. சிரிப்பாகத்தான் இருக்கும். முதல் ‘ஆன்ட்டி’ காதில் விழுகிற அன்றைக்கு இந்த மல்லிகாவை நினைத்துக்கொள்வீர்கள்.

புதுசாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கடையில் கேட்டார்கள். சேலை மடிக்க, பில் போட, ஸ்டாக் எடுக்க எல்லாவற்றுக்கும் சொல்லித்தர ஆள் இருக்கிறது. நான் காலேஜ் பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறேன். கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள் பத்துப் பேராக வந்து ஒருவர் பேச்சைத்தான் கேட்பார்கள். காலேஜ் பிள்ளைகள் மூன்று பேராக வந்து நாற்பது பேர் பேச்சைக் கேட்பார்கள். மீதி முப்பத்தேழு பேரும் போனுக்குள் இருப்பார்கள். அந்த முப்பத்தேழு பேருக்கும் சேர்த்து நீங்கள் சேலையைப் பிரித்துக் காட்ட வேண்டும், மூஞ்சியைச் சுளிக்காமல்.

அவர்களுடைய ஸ்டைல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள். நானும் பார்த்தேன், முடியவில்லை. ஒரு காலத்தில் பையன்கள் காலைப் பிடித்து இழுத்தால்தான் கழற்ற முடிகிற பேன்ட் கேட்டார்கள். டிரையல் ரூமுக்குள் போனவன் வெளியே வர அவன் நண்பன் உள்ளே போக வேண்டியிருந்தது. பிறகு திடீரென்று இரண்டு பேர் புகுந்துகொள்ளலாம் போல லூசாகக் கேட்டார்கள். அந்தச் சமயத்தில் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஓர் அம்மா, மகன் வாங்கிப்போன டி-ஷர்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“ஏம்மா, பாத்துக் குடுக்க மாட்டீங்களா? எம்புள்ள எலும்பும் தோலுமா கெடக்கான். அவுங்க மாமா சைஸுல குடுத்து உட்டுருக்கீங்க. தோளு வந்து முழங்கையில நிக்குது!”

“அம்மா, இப்ப அதுதான்மா ஸ்டைலு. தெரிஞ்சுதான் வாங்கிட்டுப் போயிருக்கான்.”

அந்த அம்மா டி-ஷர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்ப அவுங்க அப்பா சட்டையே பீரோவுல நாலு கெடக்குதே. இதுக்கா பஸ் ஏறி இவ்ளோ தூரம் வந்தான்?”

டி-ஷர்ட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு அவருக்கு இரண்டு பூனம் சேலை கொடுத்து அனுப்பினேன். அடுத்த வாரமே அந்தப் பையன் அப்பாவுடைய கட்டம் போட்ட சட்டையைப் பட்டன் போடாமல் மேலே மாட்டிக்கொண்டு கடைப்பக்கம் வந்தான். பார்க்க நன்றாகவே இருந்தது. பத்து நாளில் நாலு பையன்கள் வந்து, “அக்கா, அப்பா சட்ட மாதிரி இருக்கா?” என்று கேட்டார்கள். பழைய ஸ்டாக்கில் கிடந்த கட்டம் போட்ட சட்டையெல்லாம் அந்த மாதத்தில் காலியானது. இவர்களிடம் பொறுமையாக இருங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

சரி, பொங்கலுக்கு வருகிறேன்.

ஜனவரி பிறந்தால் காலேஜில் பொங்கல் விழா. ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டுக்கும் ஒரே கலர், ஒரே டிசைன். என்ன கலர் என்பது விழா அன்று காலை வரைக்கும் ரகசியம். கேள்வித்தாளைக்கூட அப்படிப் பொத்திப் பொத்தி வைக்க மாட்டார்கள். கிளாஸ் ரெப் பெண் கடைக்கு வரும்போது துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு வருவாள். மற்ற டிபார்ட்மென்ட் பெண் கடையில் நின்றால், கர்ச்சீப் வாங்க வந்த மாதிரி நடித்துவிட்டுத் திரும்பிப் போவாள். நம் கவுன்டருக்குக் கீழே ஒரு கலர் நோட்டு இருக்கிறதே, அது நான் ஆரம்பித்தது. எந்த டிபார்ட்மென்ட்டுக்கு எந்தக் கலர் போயிருக்கிறது என்று அதில் எழுதிவைப்பேன். ஒரே கலரை ஒரே காலேஜில் இரண்டு டிபார்ட்மென்ட்டுக்குக் கொடுத்துவிட்டால் அதோடு கதை முடிந்தது. பிள்ளைகள் அடுத்த வருஷம் பாண்டிச்சேரிக்கு வண்டி ஏறிவிடுவார்கள்.

நான் ரிட்டயர் ஆவதற்கு மூன்று வருஷம் முன்பு, டிசம்பர் கடைசியில், மேத்ஸ் மூன்றாம் வருஷத்திலிருந்து நிவேதா இரண்டு தோழிகளோடு வந்தாள். பண்ருட்டிப் பெண். ஒல்லியாக இருப்பாள், பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். அவளுக்கு ஒரு பழைய காயம் இருந்தது. முந்தின வருஷம் கலர் தேர்ந்தெடுத்தவளும் அவள்தான். கடுகு மஞ்சள் எடுத்தாள், வேறு ஏதோ கடையில். விழா அன்றைக்குப் பார்த்தால் மூன்று டிபார்ட்மென்ட் கடுகு மஞ்சள். அதிலிருந்து ஒரு வருஷமாக அவள் பெயர் ‘மஞ்சக்காமால’. வாத்தியார்கள்கூட அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது சிரித்தார்களாம்.

“அக்கா, இதான் எங்களுக்குக் கடைசிப் பொங்கலு. நாப்பத்தாறு பேரையும் ஒத்துக்க வைக்கிறதுக்குள்ள எனக்கு மூணு வாரம் ஆச்சு. ஹாஸ்டல் பொண்ணுங்க ஒரு பக்கம், டேஸ்காலர் ஒரு பக்கம். இந்த வாட்டியும் சொதப்புனா எம்பேரு காலேஜ விட்டுப் போனாலும் போவாது” என்றாள்.

ஒரு மயில் கழுத்துக் கலர் சாஃப்ட் சில்க் எடுத்துப் போட்டேன். பச்சைப் பாவு, நீல ஊடை. நெய்யும்போதே இரண்டு கலர் நூல் குறுக்கும் நெடுக்குமாகப் போவதால் திருப்பினால் மினுங்கும். மூன்று பெண்களும் ‘ஐயோ’ என்றார்கள். நல்ல சேலையைப் பார்த்தால் வருகிற ‘ஐயோ’ அது, நீங்களும் சீக்கிரம் பழகிக்கொள்வீர்கள்.

நிவேதா போனை என் வாய்க்கு நேராக நீட்டினாள். “அக்கா, சொல்லுங்க. ரெக்கார்டு பண்றேன்.”

எனக்கும் அன்றைக்கு உற்சாகம். மைக் பிடித்த மாதிரி சொன்னேன்: “இந்தக் கலரு இந்த வருஷம் உங்க காலேஜுல வேற ஒரு பொண்ணு மேலயும் இருக்காது. இது மல்லிகா அக்கா வாக்கு.”

அதை அங்கேயே கிளாஸ் குரூப்பில் போட்டாள். அதற்குக் கீழே அவளும் பேசிப் போட்டாள்: “கேட்டீங்கல்ல? வேற எந்த டிபார்ட்மென்ட்டாவது இதே கலர்ல வந்துச்சுன்னா, லீவு முடிஞ்சு ஒரு வாரம் நான் நைட்டியப் போட்டு, மேல துண்டப் போட்டுக்கிட்டு கிளாஸுக்கு வரேன். இது நிவேதா சபதம்!”

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். கலர் நோட்டை எடுத்து ‘மேத்ஸ் – பச்சை’ என்று எழுதினேன்.

அங்கேதான் பிசகினேன். கவனமாகக் கேளுங்கள். மயில் கழுத்து டியூப்லைட்டுக்குக் கீழே பச்சையாகத் தெரியும், வெயிலில் நீலமாகத் தெரியும். இது எனக்குத் தெரியாதா? புதிதாகச் சேர்கிற எல்லாருக்கும் நானே சொல்லிக்கொடுப்பேன், சேலையை வாசலுக்கு எடுத்துக்கொண்டு போய் வெயிலில் பார்த்துவிட்டுக் கலர் எழுது என்று. கவுன்டரிலிருந்து வாசல் இருபது அடி. சீசன் கூட்டம், கால் வலி, அதோடு கொஞ்சம் திமிர். இருபத்தெட்டு வருஷம் கலர் பார்த்த கண்ணுக்கு வெயில் வேறு வேண்டுமா என்ற திமிர். அந்த இருபது அடியை நான் நடக்கவில்லை.

நாலு நாள் கழித்து நம் கடையின் கடலூர் மஞ்சக்குப்பம் கிளையிலிருந்து அங்கே வேலை பார்க்கிற பெண் போன் செய்தாள்.

“அக்கா, உங்க ஊரு காலேஜு காமர்ஸ் பொண்ணுங்க இங்க கடலூருல வந்து எடுக்கறாங்க. சிதம்பரத்துல எடுத்தா வெளிய தெரிஞ்சிடும்னு பயமாம். ஒரு நீலத்த புடிச்சிருக்காங்க, அம்பத்திரண்டு பீஸு. போட்டோ அனுப்பறேன், அங்க யாருக்கும் போவலியே பாத்துச் சொல்லுங்க.”

அவள் கெட்டிக்காரி. சேலையை வாசலில் வெயிலில் வைத்துத்தான் போட்டோ எடுத்திருந்தாள். பளபளவென்று நீலம். நான் நோட்டைப் பார்த்தேன். நீலம் என்று ஒன்றும் இல்லை. “தாராளமா குடு” என்றேன். தாராளமாக!

புதன்கிழமை காலை. வெள்ளிக்கிழமை விழா. கடலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்ட காமர்ஸ் பண்டல் வந்து இறங்கியது. பிள்ளைகள் இங்கே படிப்பதால் இங்கேயே வாங்கிக்கொள்ளட்டும் என்று அனுப்பியிருந்தார்கள். வாசலிலேயே கட்டைப் பிரித்தேன். நல்ல நீலம். ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். மூன்று அடி, ஐந்து அடி, பத்து அடி. நான் உள்ளே வர வர என் கையிலிருந்த சேலை பச்சையாகிக்கொண்டே வந்தது.

மேத்ஸுக்குக் கொடுத்ததில் ஒன்று, ஓரத்தில் நூல் இழுத்திருந்ததால் திரும்ப வாங்கி வைத்த சேலை, ரேக்கில் இருந்தது. எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். ஏஜென்ட் வேறு, ஒட்டியிருந்த நம்பர் வேறு, பெட்டி வேறு. சேலை மட்டும் ஒரே சேலை.

மேனேஜரிடம் ஓடினேன். நல்ல மனுஷன், ஆனால் வியாபாரி. “மல்லிகா, பேசாம இரும்மா. வித்தது வித்ததுதான். அதுங்க அங்க பாத்துக்கிட்டு அங்கியே அடிச்சிக்கட்டும். கடலூரு கிளையில வித்தது, எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிடலாம்” என்றார்.

எனக்கும் ஒரு நிமிஷம் அந்த ஆசை வந்தது. பொய் சொல்லவில்லை. ஆனால் என் குரல் அந்தப் பிள்ளையின் போனில் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் தொண்ணூற்றெட்டுப் பெண்கள் ஒரே கலரில் எதிரெதிரே வந்து நிற்கும்போது, நாற்பத்தாறு பேர் ஒருத்தியைத் திரும்பிப் பார்ப்பார்கள். ‘மஞ்சக்காமால’ போய் ‘மயில்’ வரும். அதை அவள் எல்லாருக்கும் நடுவில், தலை சீவிப் பூ வைத்த அன்றைக்கு, முதல்முறையாகத் தெரிந்துகொள்ளக் கூடாது. கெட்ட சேதியை, கேட்கிறவளுக்கு உட்கார இடம் இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

முதலில் பண்ருட்டி, விருத்தாசலம், பாண்டிச்சேரி என்று தெரிந்த கடைக்கெல்லாம் போன் போட்டேன், ஐம்பத்திரண்டு சேலை ஒரே மாதிரி உடனே கிடைக்குமா என்று. பொங்கலுக்கு முந்தின வாரம்! ஒருவர் போனிலேயே கைதட்டிச் சிரித்தார். பிறகு நிவேதாவையும் காமர்ஸ் ரெப் ஷபானாவையும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கடைக்கு வரச் சொன்னேன். ஒருத்தி வருவதை மற்றவளிடம் சொல்லவில்லை.

இரண்டு ஸ்கூட்டி ஒரே சமயத்தில் வந்து நின்றன. இரண்டு பேரும் துப்பட்டாவை முகத்தில் இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டு, ஒருத்தி உள்பாவாடை பார்க்கிற மாதிரியும் இன்னொருத்தி பாசிமணி பார்க்கிற மாதிரியும் நின்றார்கள். எனக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு சேலையையும் வாசல் படியில் வெயிலில் விரித்தேன்.

ஷபானா பரங்கிப்பேட்டைப் பெண், எதையும் சட்டென்று பிடித்துக்கொள்வாள். “யா அல்லாஹ்! நாங்க பஸ்ஸப் புடிச்சு கடலூரு போயி எடுத்தோம்க்கா!” என்று தலையில் கை வைத்தாள்.

நிவேதா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

“இதப் பாருங்கடி. ரெண்டு டிபார்ட்மென்ட்டும் முன்னாடியே பேசி வச்சிக்கிட்டுத்தான் ஒரே கலரு எடுத்தோம்னு சொல்லிடுங்க. யாருக்குத் தெரியப்போவுது? சர்ப்ரைஸுன்னு சொல்லிடுங்க!”

நிவேதா நிமிர்ந்து பார்த்தாள். “பொய் சொல்லிட்டு நாப்பத்தாறு பேரு மூஞ்சியில எப்டிக்கா முழிக்கிறது? சொன்னது சொன்னதுதான். நைட்டி போட வேண்டியதுதான்.” எழுந்து ஸ்கூட்டி சாவியை எடுத்துக்கொண்டு, “ஆனா நீங்களும் வாங்க. தப்பு உங்களோடதுன்னு நீங்களே சொல்லணும்” என்றாள்.

இப்படி ஒரு தண்டனையை நான் எதிர்பார்க்கவில்லை. வாங்குகிறவர்கள் கடைக்கு வந்து சண்டை போடுவார்கள், பார்த்திருக்கிறேன். நான் எங்கேயும் போய்ச் சண்டையை வாங்கிக்கொண்டதில்லை. இரண்டு சேலையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், “என்னாம்மா, உடம்பு கிடம்பு செரியில்லியா? வேர்த்துக் கொட்டுது” என்றார்.

கேன்டீனுக்குப் பக்கத்துப் புங்கமரத்தடி. நாற்பத்தாறு பெண்கள் டிபன் பாக்ஸோடு உட்கார்ந்திருந்தார்கள். கவுன்டருக்குப் பின்னால் நின்று பேசிப் பழகியவளுக்கு, முன்னால் ஒரு மேஜை இல்லாமல் கை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. சேலை இரண்டையும் தூக்கிப் பிடித்தேன்.

“கண்ணுங்களா, தப்பு என்னோடது. நிவேதா மேல ஒண்ணும் இல்ல. வெயில்ல பாக்காம கலர எழுதிட்டேன். இதே சேலை காமர்ஸுக்கும் போயிடுச்சு. மன்னிச்சிடுங்க.”

ஒருத்தி கையில் எடுத்த எலுமிச்சம் சாதம் அப்படியே நின்றது. நிவேதா என் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. “அப்ப... நைட்டி?”

இன்னொருத்தி, “ஏய், ஆமாண்டி! நைட்டி!” என்றாள்.

அவ்வளவுதான். டிபன் பாக்ஸ் மூடியில் ஸ்பூனால் தட்ட ஆரம்பித்தார்கள். “நைட்டி! நைட்டி! நைட்டி!” புங்கமரத்துக் காக்காய் எல்லாம் பறந்துவிட்டன. சத்தம் கேட்டு காமர்ஸ் பெண்கள் ஓடிவந்தார்கள். ஷபானா விஷயத்தைச் சொன்னாள். அவர்களும் சேர்ந்து தட்டினார்கள். சேலையைப் பற்றி ஒருத்தியும் கேட்கவில்லை! நான் இரண்டு சேலையையும் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறேன், என்னை யாரும் பார்க்கக்கூட இல்லை. நிவேதா மெதுவாக நிமிர்ந்தாள். அவள் வாயெல்லாம் பல். “போடுறேன்டி! கண்டிப்பா போடுறேன்டி!” என்று அவளே பெஞ்சில் ஏறி நின்று கத்தினாள். எனக்கு உயிர் வந்தது.

இந்த வயசுப் பிள்ளைகளுக்குத் துணி முக்கியம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சேர்ந்து சிரிக்க ஒரு விஷயம் கிடைத்தால் துணியைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுவார்கள். நம் தப்பை மறைத்து வைத்துக்கொண்டு நாம்தான் பயந்து சாகிறோம்.

வெள்ளிக்கிழமை நானும் விழாவுக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. தொண்ணூற்றெட்டு மயில்கள். மைதானத்தில் ஒரு பக்கம் நிழலில் பச்சை, மறுபக்கம் வெயிலில் நீலம், ஓடினால் கலர் மாறியது. கயிறு இழுக்கும் போட்டி மேத்ஸுக்கும் காமர்ஸுக்கும். யார் எந்தப் பக்கம் என்று நடுவருக்கும் தெரியவில்லை, அவர்களுக்கும் தெரியவில்லை. ஒரு மேத்ஸ் பெண் முழு மூச்சாகக் காமர்ஸுக்காக இழுத்து, ஜெயித்து, துள்ளிக் குதித்த பிறகுதான் தன் கூட்டாளிகள் எதிர்ப்பக்கம் மண்ணில் கிடப்பதைப் பார்த்தாள். சிறந்த உடைக்கான ஷீல்டு, வருஷா வருஷம் வெறும் வெள்ளை வேட்டி சட்டையில் வருகிற தமிழ்த்துறைப் பையன்களுக்குப் போனது. அவர்களே நம்பாமல் ஒருவரையொருவர் கிள்ளிப் பார்த்துக்கொண்டார்கள்.

ஆனால் சபதம் இருந்தது. பொங்கல் லீவில் எனக்குக் கரும்பு இனிக்கவில்லை. நைட்டியோடு போனால் கேட்டிலேயே வாட்ச்மேன் திருப்பி அனுப்பிவிடுவார், வீட்டுக்கு லெட்டர் போகும். போகாவிட்டால் வாக்குத் தவறினவள். என் தப்புக்கு அந்தப் பிள்ளை ஏன் மாட்ட வேண்டும்?

மூன்று வருஷமாக ரேக்கில் தூங்கிக்கொண்டிருந்த நைட்டித் துணி ஞாபகம் வந்தது. காப்பிப் பொடிக் கலரில், தாம்பாளம் தாம்பாளமாகப் பூ. அந்தத் துணியைக் கடை டெய்லரிடம் கொடுத்து, முழங்காலுக்குக் கீழே வருகிற டாப் தைக்கச் சொன்னேன். கழுத்தில் நைட்டிக்கு வைக்கிற அதே ஃப்ரில், அதே லேஸ். கீழே கறுப்பு லெக்கின்ஸ். மேலே ஈரோட்டுத் துண்டு, ஷால் மாதிரி. டெய்லர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “மல்லிகா, இது நைட்டியா சுடிதாரா?”

“கேட்டுல சுடிதாரு. கிளாஸுக்குள்ள நைட்டி” என்றேன்.

லீவு முடிந்த திங்கட்கிழமை நிவேதா அதைப் போட்டுக்கொண்டு போனாள். வாட்ச்மேன் மேலேயும் கீழேயும் பார்த்தாராம். லெக்கின்ஸ் இருக்கிறது, ஷால் இருக்கிறது, ரூலில் குறை இல்லை. “உள்ள போம்மா” என்றுவிட்டு, முதுகைப் பார்த்துத் தலையைச் சொறிந்தாராம். கிளாஸில் விசில். மேத்ஸ் மேடம் போர்டில் எழுதுவதை நிறுத்திவிட்டு, “நிவேதா, இந்தப் பூ நல்லாருக்கே, எங்க எடுத்த?” என்று கேட்டார்களாம். சத்தியமாக, நிஜமாகவே கேட்டார்களாம்.

அன்றைக்குச் சாயங்காலம் கடைக்கு வந்தாள். துண்டை என் தோளில் போட்டாள். “தப்பு உங்களோடது, துண்டு எனக்கு மட்டுமா? ஒரு வாரத்துக்கு நீங்களும் போடணும்க்கா.” போட்டேன். சுங்கடிச் சேலைக்கு மேல் துண்டோடு கவுன்டரில் நின்ற என்னைப் பார்த்து மேனேஜர், “குளிக்கப் போறியா, குளிச்சிட்டு வந்தியா?” என்றார்.

புதன்கிழமை நாலு பேர் வந்தார்கள். “அக்கா, நிவேதா போட்டுருக்காளே, அந்த மாதிரி.” வியாழக்கிழமை காமர்ஸ் வந்தது. வெள்ளிக்கிழமை அந்த நைட்டித் துணி ரேக் துடைத்த மாதிரி இருந்தது, துண்டும் இல்லை. இந்த ஸ்டைல் எங்கிருந்து வந்தது என்று அடுத்த மாதம் கடலூர் காலேஜ் பெண்கள் கேட்டார்களாம். எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்த ஒரே ஸ்டைல் அதுதான். நான் நடக்காமல் விட்ட இருபது அடியிலிருந்து வந்தது.

போன வருஷம் நான் ரிட்டயர் ஆனேன். கடைசி நாள் கேக் வெட்டி, மாலை போட்டு, எல்லாரும் பேசி முடித்த நேரத்தில் நிவேதா வந்தாள், கூடவே ஷபானாவும். நிவேதா பி.எட். முடித்துவிட்டுக் கடலூரில் ஒரு ஸ்கூலில் கணக்கு டீச்சர் இப்போது. காட்டன் சேலையில் பின் குத்திக்கொண்டு, கொஞ்சம் சதை போட்டு, நன்றாக இருந்தாள். என் கையில் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தாள்.

“பிரிங்க அக்கா.”

பார்த்தீர்களா? அக்கா. அறுபதை நெருங்கும்போதும் அக்கா.

பிரித்தேன். பச்சையாக ஒரு துணி. மடிப்பை உதறினால், நைட்டி. கழுத்தில் ஃப்ரில், லேஸ் எல்லாம் இருந்தது. நான் அதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். இருபது அடி. எல்லாரும் என்ன ஆச்சு இவளுக்கு என்று பின்னாலேயே வந்தார்கள். வெயிலில் விரித்துப் பிடித்தேன். நீலம்.

அவளுடைய பொங்கல் சேலை. அதையே வெட்டித் தைத்திருந்தாள்.

“அடிப்பாவி, ஆசையா எடுத்த சேலையாச்சே!” என்றேன்.

“அன்னிக்கு நீங்க தெச்சுக் குடுத்தது சுடிதாருக்கா. ஊர ஏமாத்துனோம். சபதத்துல சொன்னது நைட்டி. அது அப்டியே நிக்குது” என்றாள் நிவேதா. “எனக்கு இப்ப ஸ்கூலு, புள்ளைங்க பாக்கும். அதனால நீங்க போட்டு முடிச்சிடுங்க.”

வாசலில் அவ்வளவு பேரையும் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே அழுதேன்.

உங்களுக்கு இதை எழுதி முடிக்க எனக்குச் சரியாக ஒரு வாரம் ஆனது. ஏழு நாளும் அந்த நைட்டியைத்தான் போட்டுக்கொண்டு, மேலே துண்டோடு உட்கார்ந்து எழுதினேன். நிவேதா கடைக்கு வந்தால், சபதம் முடிந்தது என்று சொல்லிவிடுங்கள்.